கல்யாணக் களை

ஆடி, செவ்வாய் இரவு.

மகள் மீனாவின் முகம் ஒரு மாதமாக உப்பிக்கொண்டே வந்தது. ஆவணியில் கல்யாணம். "பொண்ணுக்குக் கல்யாணக் களை வந்துட்ச்சி நைனா" என்றாள் கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த அத்தை. நான் அந்தப் பெருமையை, தினமும் பிழிந்து கொடுத்த கேரட் சாற்றின் கணக்கில் சேர்த்தேன்.

இன்று காலும் வீங்கியதால் அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரில் புரதம் போகிறதாம். முகத்துக்கு என்ன போடுகிறாள் என்று கேட்டு, அவள் பையிலிருந்த கிரீமை டாக்டர் வாங்கிப் பார்த்தார். பேன்சி ஸ்டோரில் வாங்கிய வெளுப்பு கிரீம்.

"இந்த மாதிரி கிரீம்ல பாதரசம் கலக்கறாங்கம்மா. கிட்னி கெட்டுகினு வருது. இன்னையோட நிறுத்துங்க."

மீனா அழுதாள். என் மனைவி மெல்லக் கேட்டாள்: "கல்யாணம் வரைக்கும் போட்டுகினு, அப்பால நிறுத்திட்டா பரவால்லீங்களா?"

நான் அவளை அதட்டுவேன் என்று டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் அவர் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன்.