அடுப்புக்கரியில் போட்ட சைன் கோடு

1981 ஆகஸ்ட் 9
எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி வேலுத்தாய் எழுதுகிறாள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் தவறிவிட்டாள். அக்டோபரில் திரும்ப எழுத வேண்டும். “அதையும் எழுதணுமா தாத்தா?” என்கிறாள். எழுது ஆத்தா.

இவள் அப்பன், என் மகன் காசிமாயன், “படிச்சது போதும், மலைக்கு வந்து காய் பொறுக்கட்டும்” என்றுவிட்டான். போடியிலிருந்து மூவரும் ஜீப்பில் ஏறி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு வந்துவிட்டோம். பரீட்சைக்கு அனுப்புவானா? தெரியவில்லை.

ஆகஸ்ட் 23
காய் பொறுக்கி முடிந்ததும் கட்டம் போட்ட தாளை விரிக்கிறாள். தாளின் ஓரத்தில் எழுதிய சைன் அட்டவணையைப் பார்த்துப் புள்ளி வைத்துச் சேர்க்கிறாள். கோடு ஏறுகிறது; உச்சியில் கூர் இல்லாமல் வளைந்து இறங்குகிறது; நடுக்கோட்டைத் தாண்டிக் கீழேயும் அதே அளவு போய்த் திரும்ப ஏறுகிறது.

“கீழ போனது நட்டமா ஆத்தா?”

“நட்டமில்ல தாத்தா. போன அளவுக்குத் திரும்பி வந்துரும்.”

என்ன கை! இந்த மலையில் நான் ஏறி இறங்காத தடமில்லை. இப்படி ஒரு சீரான ஏற்ற இறக்கம் பார்த்ததில்லை.

செப்டம்பர் 6
மழை. ஜீப்பு வரவில்லை.

செப்டம்பர் 13
கெடுத்தேனே! வியாபாரிக்கு மாதிரிக் காய் அனுப்பக் கெட்டித்தாள் கேட்டான் காசிமாயன். மூட்டை மேல் கிடந்ததை மடித்துக் கொடுத்தேன். அவள் தாள் — இருந்ததே அது ஒன்றுதான். ஜீப்பு போடிக்கு இறங்கிப் போச்சு. இதை அவளையே எழுதச் சொல்ல நாக்குக் கூசுகிறது.

செப்டம்பர் 14
“தாளோட கணக்கும் போச்சுன்னா நல்லதாப் போச்சு” என்றான் காசிமாயன். அவள் அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்தாள். சிமெண்டுக் களத்தில் உட்கார்ந்தாள். கட்டம் இல்லை, அட்டவணை இல்லை.

“எதப் பாத்துப் போடுவ?”

“மனசுல இருக்கு தாத்தா.”

களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தாள். ஒரு மேடும் ஒரு பள்ளமும் அச்சு அசல். காய்க்கூடையோடு வந்த கூலிக்காரி மாயக்காள், “அடி ஆத்தீ, மலைப்பாம்புல்ல படுத்திருக்கு!” என்று நின்றுவிட்டாள்.

பின்னால் தலைச்சுமையோடு காசிமாயன். பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கோட்டை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனான். “மிதிச்சுராதீங்க, ஓரமா வாங்க” என்று ஆட்களிடமும் சொன்னான்.

சாயங்காலம் கேட்டான்: “பரீட்சை என்னைக்கு?”

1982 ஜூலை 18
இன்று எழுதுவது ஸ்டோர்க் கணக்குப்பிள்ளை வெள்ளைத்துரை. தன்னுடையது கோழி கிளறின எழுத்தாம் — அதையும் எழுது மாப்ளே. வேலுத்தாய் மதுரைக் காலேஜில் கணக்குப் படிக்கிறாள். களத்துக் கரிக்கோடு போன வருச மழையிலேயே கரைந்துவிட்டது.

காசிமாயன் இன்னும் ஓரமாகத்தான் நடக்கிறான்.