சர்ச் கம்ப்யூட்டரில் என் ரேம்

ஞாயிறு, ராத்திரி.

காலை ஆராதனையில் மூன்றாவது பாட்டுக்கு நடுவில், சுவரில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் போய் வெறும் நீலம் வந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ரோஸி அக்கா பதறிப்போய் எதை எதையோ அழுத்தினார். பாட்டு நின்றது. எல்லோரும் அவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னை யாரும் பார்க்கவில்லை. போன வாரம் என் வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா சும்மா நின்றுபோனது. உள்ளே இருக்கும் ரேம் என்ற நினைவகச் சில்லு கெட்டுவிட்டதா என்று பார்க்க, சர்ச் கம்ப்யூட்டரில் இருந்ததைக் கழற்றி வந்து போட்டேன். அதைப் பராமரிப்பவன் நான், சர்ச் சாவி என்னிடம்தானே இருக்கிறது. என்னுடையதை அங்கே மாட்டினேன். வீட்டில் ஜோராக ஓடியது. திருப்பி மாற்ற மனசு வரவில்லை. அங்கே வாரத்துக்கு ஒருநாள், அதுவும் பாட்டு வரி மட்டும்தானே, தாங்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. இனிமே வேற யாரையாச்சும் உக்காரச் சொல்லு லா. எனக்கு வேணாம்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாஸ்டர் பக்கத்தில் நின்றார்.

"பரவாயில்லக்கா, புதுசா கத்துக்கிறவங்களுக்கு நடக்கிறதுதான்" என்றேன். அக்கா எனக்கு நன்றி சொன்னார்!

நாளைக்கே போய் ரேமை மாற்றிவிடுவேன். அடுத்த ஞாயிறு வேறு யாராவது உட்காருவார்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடும். தப்பு அக்காவுடையதுதான் என்று அப்போது எல்லோருக்கும் நிச்சயமாகிவிடும்.