கண்மேல் உருளைக்கிழங்கு

ரியேக்கா நகரம், வியாழன்

மகளுக்கு,

ஆபீஸ் வேலை போனபின் மாலையில் இத்தாலிய மொழி வகுப்புக்குப் போவதாகச் சொன்னாய். கன்னியாஸ்திரீகளிடம் இத்தாலியம் படித்தவள் நான். மூன்று மாதத்தில் உன் வாயில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

உன் கழுத்தில், பிளவுஸ் மறைக்காத இடம் மட்டும் சிவந்திருக்கிறது. மாடிவீட்டு ஸ்மில்யா சும்மா இருப்பாளா? "ஜனவரியில ஏதுடி வெயில்? எவனோ ஒருத்தன் இருக்கான், பாத்துக்க!" என்றாள். நானும் நம்பினேன். உன் பையைக்கூடச் சோதித்தேன், அதற்காக வருந்தவில்லை.

செவ்வாயன்று தலைவலி என்று கண்களில் உருளைக்கிழங்கு வில்லைகளை வைத்துப் படுத்தாய். தலைவலிக்கு யார் அப்படிச் செய்வார்கள்? கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் எரியும் நாட்களில் உன் அப்பாதான் செய்வார்; அவர் கழுத்தும் அப்படித்தான் சிவந்திருக்கும். இந்த வீட்டில் இன்னொரு வெல்டர் கூடாது என்று, அவரை அடக்கம் செய்த அன்று சொன்னேன். அதனால்தான் உனக்கு இந்தப் பொய் தேவைப்பட்டது.

நாளை பரீட்சை என்கிறாய். நைலான் பிளவுஸை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாய். வெல்டிங் பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் பருத்திச் சட்டை நாற்காலியில் இருக்கிறது. மேல் பட்டனைத் தைத்துவிட்டேன். கழுத்துவரை போட்டுக்கொள்.

தேறி வந்து உண்மையைச் சொல். இத்தாலியத்தில் வேண்டாம்.

கோபம் தீராத,
அம்மா