சூளை வளைவில் இரண்டு நிமிடம்

2 மார்ச், மாலை
பள்ளிக்கூடத் தாழ்வாரம், 22ஆம் கிலோமீட்டர்

அன்புள்ள விசிலுக்கு,

ஹாரன் எழுதுவது. கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பக்கமாவது படித்துவிடு. போனில் கூப்பிட்டால் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறாய். உனக்குக் காது மந்தமாகிவிட்டதாக உன் மருமகன் சொன்னான். மந்தக் காதுக்கு என் குரல் மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ!

செய்தி உனக்கு எட்டியிருக்கும். எல்லா ஊரிலும் நின்று போகும் நம் வழித்தடத்தை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது, எக்ஸ்பிரஸ் மட்டும்தான் ஓடுகிறது. அதைத் திரும்பக் கேட்டு நூற்றி நாற்பது பேர் தலைநகருக்கு நடக்கிறோம். நம் பணிமனையின் ஓய்வுபெற்ற ஆட்கள் பாதி, நம் வண்டியில் ஏறி இறங்கியவர்கள் பாதி. இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். பன்னிரண்டாம் தேதி பேரணி. உன் முழங்கால் ஒத்துழைக்காது என்று தெரியும், அதனால் ஏன் வரவில்லை என்று கேட்கப்போவதில்லை.

இருபத்தாறு வருஷம் இந்த ரோட்டில் வண்டி ஓட்டியும் இது எனக்குத் தெரியாத ரோடு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் பாலம் தாண்டினால் சமதளம் என்றுதானே நினைத்திருந்தோம்? ஏற்றம்! மூன்றாவது கியரில் போன இடத்தில் என் கால் இரண்டாவது கியர் கேட்கிறது. பதினேழாம் கிலோமீட்டர் கல்லைக் காணவே காணோம். புளியமரம் என்று நினைத்தது வேறு ஏதோ மரம். யாரைக் கேட்டாலும் பெயர் தெரியவில்லை.

நடக்க நடக்க ஒரு கேள்வி குடைகிறது. நாம் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் செங்கல் சூளை வளைவில் தினமும் ஒரு விசில் கொடுப்பாய். நான் நிறுத்துவேன். அங்கே நிறுத்தம் கிடையாது. முதல் சில வருஷம் ஏறவும் ஆள் இல்லை, இறங்கவும் ஆள் இல்லை. இரண்டு நிமிஷம் கழித்து இரட்டை விசில், கிளம்புவேன். ஏன் என்று கேட்டால் "வேலை இருக்கு, நிறுத்து" என்பாய். பன்னிரண்டு வருஷம் நிறுத்தினேன். அப்புறம் நாம் பேசிக்கொள்ளாமலே பன்னிரண்டு வருஷம் போய்விட்டது. ஐந்தாம் தேதி அந்த வளைவுக்கு நடந்தே வருவேன். அதற்குள் சொல்லிவிடு.

மாலை எக்ஸ்பிரஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன் பதிலைக் காலை எக்ஸ்பிரஸில் கொடு. ஊர்வலத்தின் பக்கத்தில் வேகம் குறைத்து ஜன்னல் வழியாக நீட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கால் வலியுடன்,
ஹாரன்


3 மார்ச்

டிரைவர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

பதினேழாம் கல் காணாமல் போகவில்லை. அங்கே தையல் கடைக்காரர் அதைத் தன் வாசற்படியாக வைத்துக் கட்டிவிட்டார். எண் இருக்கும் பக்கம் உள்ளே திரும்பியிருக்கும். நீங்கள் ரோட்டைப் பார்த்து வேலை செய்தீர்கள், நான் ஓரத்தைப் பார்த்து வேலை செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மரம் இலுப்பை. எந்த நிறுத்தத்திலும் தண்ணீரை நம்பாதீர்கள், நாற்பத்தோராம் கிலோமீட்டர் அடிபம்பு மட்டும் நல்ல தண்ணீர்.

சூளை வளைவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே நின்று யாரையும் விசாரிக்க வேண்டாம். இது என் வேண்டுகோள்.

பணிமனை வாசலில் இருநூறு பேர் முன்னால் ஒருவனைத் துரோகி என்று கத்தியவர், பன்னிரண்டு வருஷம் கழித்து அவனிடம் மரத்தின் பெயர் கேட்பது வேடிக்கைதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்


4 மார்ச், மாலை
நெல் கிட்டங்கி வராந்தா, 61ஆம் கிலோமீட்டர்

அன்புள்ள விசிலுக்கு,

"நீங்கள்" என்கிறாய், "அவர்கள்" என்கிறாய். எனக்கு ஏதோ அரசாங்க நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் பதில் போட்டாயே, அது போதும்.

அடிபம்புத் தண்ணீர் இனித்தது. நூற்றி நாற்பது பேரும் குடித்தோம். "இது யார் சொன்னது?" என்று கேட்டார்கள். விசில் சொன்னான் என்றேன். பழைய ஆட்கள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தண்ணீரை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

துரோகி என்றது உண்மை. வேலைநிறுத்தம் தொடங்கிய காலையில், ஒட்டுமொத்தப் பணிமனையும் வெளியே நிற்கும்போது, நீ ஒரு புது டிரைவரைச் சேர்த்துக்கொண்டு நம் வண்டியை வெளியே எடுத்துப் போனாய். என் வண்டியை! ஒரு நாள் இல்லை, மூன்று நாளும். காரணம் கேட்டேன், வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போது வந்த கோபம் இப்போதும் முழுசாக அடங்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் நடக்கும்போது தலைக்குள் வண்டிச் சத்தம் இல்லை. யோசிக்க இடம் கிடைக்கிறது. மூன்று மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவன் பயந்தான் என்றால் புரியும். பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டான் என்றால் புரியும். உனக்கு இரண்டும் இல்லை. சங்கத்துக்கு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவன் நீ.

வளைவு விஷயத்தில் அந்தக் காலத்திலேயே பணிமனையில் ஒரு பேச்சு உண்டு, சூளையில் உனக்கு யாரோ இருக்கிறார்கள் என்று. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்படித்தான் என்றால் சொல்லிவிடு. இந்த வயசில் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

நாளை மதியம் அங்கே இருப்பேன். கேட்காதே என்றால் கேட்காமல் இருக்கிற ஆளா நான்? உனக்கே தெரியும்.

ஹாரன்


5 மார்ச், காலை

டிரைவருக்கு,

நீங்கள் கேட்டுவிடுவீர்கள். சூளையை ஒட்டிய அந்த வீட்டு வாசலில் நின்று "இங்க எதுக்குய்யா பஸ் நின்னுச்சு?" என்று ஊரைக் கூட்டுவீர்கள். அந்தப் பெண்மணியின் புண்ணைக் கிளறுவீர்கள். அதைத் தடுக்க வேறு வழி இல்லாததால் எழுதுகிறேன். எக்ஸ்பிரஸ் கிளம்பப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழைநாள் காலை. வண்டி நிரம்பி வழிந்தது. நாற்பது நிமிஷம் தாமதம். சூளை வளைவில் ஒரு பெண் துணிப்பொதி மாதிரி ஒரு குழந்தையை மார்போடு பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள். வண்டி அவளைத் தாண்டிவிட்டது. பின்படியில் நின்ற நான் பார்த்தேன். விசில் என் வாயில் இருந்தது. தாமதத்தை நினைத்து ஊதவில்லை.

மாலை திரும்பும்போது அவள் ஓடி வந்த அந்த வீட்டு வாசலில் பெரிய கூட்டம். யாரோ அழுகிற சத்தம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குமேல் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து அங்கே நிறுத்தினேன். யாராவது கை காட்ட வேண்டிய நிலைமை இனி அங்கே வரக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு. உங்களிடம் சொல்லவில்லை. ஸ்டியரிங் பிடித்தவர் நீங்கள். தெரிந்திருந்தால் அதற்கப்புறம் அந்த வளைவில் வண்டியை உங்களால் திருப்ப முடிந்திருக்காது.

வேலைநிறுத்தத்தின் கோரிக்கை நியாயம்தான். ஒருநாளும் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாள் அங்கே வண்டி நிற்காது என்று நினைத்தபோது அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை. காலையில் கால் தானாகப் பணிமனைக்குப் போனது. நியாயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் வளைவில் ஏறியது ஒரே ஒரு ஆள். நம் நீளச் சடைக்காரி. ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடம் போகிறவள். படியில் தொங்காதே, உள்ளே ஏறு என்று தினமும் கத்துவேன், காதிலேயே வாங்கமாட்டாள். காலி வண்டியிலும் படியில்தான் நின்றாள்.

இனிமேல் கேட்க ஒன்றும் இல்லை அல்லவா? தயவுசெய்து பேசாமல் நடந்து போய்விடுங்கள்.

விசில்


5 மார்ச், மாலை
சூளை வளைவு, பஞ்சர் கடை

அன்புள்ள விசிலுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் நான் கேட்டுவிட்டேன். மன்னித்துவிடு. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

மதியம் வந்து சேர்ந்தோம். வளைவில், சூளையை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் பஞ்சர் கடை. நடத்துவது ஓர் அம்மா. அறுந்த செருப்புகளுக்கெல்லாம் டயர் ரப்பர் வெட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். சூளை மூடிய பிறகு இந்தத் தொழிலாம். என் செருப்பையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, இங்கே முன்பு பஸ் ஏன் நின்றது தெரியுமா என்று கேட்டேன். அங்கே உட்கார்ந்திருந்த ஆளுக்கு ஆள் ஒரு காரணம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற என்றார் ஒருவர். டிக்கெட் சரிபார்க்க என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர், "அந்த டிரைவருக்கு மூத்திரக் கோளாறுப்பா, பாவம்" என்றார். இருபது வருஷமாக இந்த ஊர் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருக்கிறது. உன்னால்!

அப்போதுதான் எக்ஸ்பிரஸ் வந்து உன் கடிதத்தை நீட்டியது. அங்கேயே உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் அந்த அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் செருப்பு அவர் கையில் இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, இருபத்துநாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு மழையில, கொழந்தையத் தூக்கிட்டு பஸ்ஸுக்குக் கை காட்டினது..."

"நான்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்? பாவிங்க நிக்கவே இல்ல. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் பின்னாடியே ஒரு செங்கல் லாரி வந்துச்சு, ஏத்திட்டுப் போனாரு. மூணு நாள் ஆஸ்பத்திரி."

"கொழந்தை?"

"உங்க பக்கத்துல உக்காந்து 'சீக்கிரம் தையி'ன்னு என்னையே வெரட்டுதே, அதுதான்."

திரும்பிப் பார்த்தேன். விசில், நம் நீளச் சடைக்காரி. முதல் நாளிலிருந்து எங்களோடு நடந்து வருகிறாள். கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவள் அவள்தான். இப்போது மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலை. படியில் தொங்கினவள் கம்பத்தில் தொங்குகிறாள், நீ கத்தியதால் ஒரு பிரயோசனமும் இல்லை. அன்று மாலை கூட்டம் எதற்கு என்றும் கேட்டேன். மழையில் சூளைக் கூரை சரிந்து விழுந்ததாம், பயத்தில் அழுதார்களாம், யாருக்கும் அடி இல்லையாம்.

பிழைத்த குழந்தைக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் குழந்தையையே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாய். வேலைநிறுத்தம் நடந்த மூன்று நாளும் அவளை ஏற்றத்தான் போயிருக்கிறாய், உனக்கே தெரியாமல்.

இன்னொன்று. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஓரத்தைப் பார்க்கிறவன் நீ மட்டும் என்றாய். என் பக்கமும் ஒரு கண்ணாடி இருந்தது. அன்றைக்கு நானும் அவளைப் பார்த்தேன். விசில் வரவில்லை, அதனால் போனேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மறந்தும் போனேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்த ஈரச் சேலை ஞாபகம் வந்தது. நீ இருபத்துநாலு வருஷம் சுமந்தாய். நான் ஐந்து நிமிஷம்கூடச் சுமக்கவில்லை. அப்படிப்பட்ட நான் உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேன்.

பதில் போடு.

ஹாரன்


9 மார்ச்
சூளை வளைவு

டேய் ஹாரன்,

உன் கடிதத்தைப் படித்து நாலு நாளாகிறது. முதல் நாள் அழுதேன். குழந்தைக்காக. மருமகன் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடப் போனான். இரண்டாம் நாள் உன்மேல் கோபம் வந்தது. பார்த்தாயா? நீயும் பார்த்தாயா? அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போய்க் கேட்டிருப்போம், அதோடு முடிந்திருக்கும். பிறகு யோசித்தேன். நானும்தானே சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டேன், தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

இன்று காலை எக்ஸ்பிரஸில் ஏறினேன். சூளை வளைவில் நிறுத்து என்றேன். அங்கெல்லாம் நிற்காது பெரியவரே என்றார் கண்டக்டர். என் பழைய விசில் பையில் இருந்தது. வளைவு வந்ததும் எடுத்து ஒரு ஊது ஊதினேன். டிரைவரின் கால் தன்னை அறியாமல் பிரேக்கில் விழுந்தது. வண்டி முழுக்க ஆடிப்போய் நின்றது. "எந்தப் பெருசுய்யா விசில் அடிச்சது?" என்று அவர் எழுந்திருப்பதற்குள் நான் இறங்கிவிட்டேன். அதற்கப்புறம் அவர் திட்டியது என் காதில் விழவில்லை. மந்தக் காதிலும் ஒரு வசதி இருக்கிறது.

உன்னோடு பன்னிரண்டு, பிறகு வேறு டிரைவர்களோடு ஒன்பது என்று இருபத்தோரு வருஷம் தினமும் நிறுத்திய இடத்தில் இன்றைக்குத்தான் காலை வைத்தேன். வாசலில் ஒரு முருங்கை நிற்கிறது, படியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த அம்மா உட்கார ஒரு டயரைப் போட்டார். நான்தான் ஊதாதவன் என்று சொன்னேன். கையிலிருந்த ரப்பரைக் கீழே வைத்தார். பிறகு, "அன்னைக்குத் திட்டினதெல்லாம் உங்களைத்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. என்னென்ன திட்டினார் என்று கேட்டேன், எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றுகூட மறக்கவில்லை.

பதினொன்றாம் தேதி டயர் ஏற்றிய வேன் ஒன்று தலைநகர் போகிறதாம். அவரும் நானும் அதில் வருகிறோம். சடைக்காரியிடம் நான் யார் என்று நீ சொல்லாதே. வந்து நானே சொல்லிக்கொள்கிறேன். கொடி பிடிக்கும்போது லாரிக்கு ஓரமாக நடக்கச் சொல். கேட்கமாட்டாள், இருந்தாலும் சொல்.

பேரணியில் நம் பணிமனை ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். அன்றைக்கு வாசலில் நின்றவர்களும் இருப்பார்கள். நான் வேனிலிருந்து இறங்கியதும், அந்தக் காலையில் கத்தினாயே, அதே தொண்டையைத் திறந்து, எல்லார் முன்னாலும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. எனக்குக் காது மந்தம். நன்றாகச் சத்தமாகவே கூப்பிடு.

விசில்