சம்பந்திக்கு வந்துபோன காய்ச்சல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. ஒரு வரி மேலே ஏறும், ஒரு வரி கீழே இறங்கும், பொறுத்துக்கொள். முதியோர் கல்வி வகுப்பில் கோடு போட்ட தாள் தருவார்கள், இது வெறும் தாள். நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்தேன்.

இங்கே ஒரு வாரமாக வீடு வீடாக இல்லை. பின்தெருக் கோழிப் பண்ணையில் பறவைக் காய்ச்சல் வந்து இரண்டே நாளில் கொட்டகை காலியாகிவிட்டது. உடனே கால்நடை டாக்டரம்மா நம் வீட்டுக்கும் வந்துவிட்டார். அம்மாவின் ஒன்பது கோழிகளில் ஒன்றுக்குக் கிருமி இருந்தாலும் பத்தையும் கொன்று புதைக்க வேண்டும் என்றார். பத்தாவது வாத்து. போன மழையில் யாரும் கூப்பிடாமல் வந்து, தின்றுவிட்டு, குறையும் சொல்லிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டதால் அதற்குச் சம்பந்தி என்று அம்மா பெயர் வைத்திருக்கிறாள். இதை உன் மாமனாருக்குப் படித்துக் காட்டாதே.

சம்பந்தியைப் பாருங்கள், எவ்வளவு கொழுகொழுவென்று இருக்கிறது, இந்த வீட்டில் நோய் எங்கிருந்து வரும் என்று அம்மா வாதாடினாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதுமேலதாம்மா எனக்குச் சந்தேகமே. கிருமி நுழைஞ்சதுமே வாத்து உடம்புல ஒரு காவல்காரன் முழிச்சுக்குவான். பெரும்பாலும் சத்தமில்லாம வேலையை முடிச்சிடுவான். அது பாட்டுக்கு நீந்திட்டு ஊருக்கெல்லாம் கிருமியைக் கொடுக்கும். கோழிக்கு அந்தக் காவல்காரனே கிடையாது. விஷயம் லேட்டாத்தான் தெரியும், தெரிஞ்சதும் உடம்பு மொத்தமும் பதறி எழுந்து கண்ணுல பட்டதையெல்லாம் அடிக்கும். கிருமி பாதி, அந்த அடி பாதின்னு கோழி போயிடும்" என்றார். அம்மா உடனே என்னைத் திரும்பிப் பார்த்தாள். எலி வந்த அன்று நான் கண்ணாடி பீரோவை உடைத்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

பிறகு டாக்டரம்மா ஒவ்வொன்றின் தொண்டையிலும் பின்புறத்திலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தார், இறக்கையில் ரத்தமும் எடுத்தார். அவர் கையில் உறை, அந்தக் கையில் கோழி. அதனால் புட்டிகளில் நம்பர் போடச் சொல்லி என்னிடம் பேனாவைக் கொடுத்தார். நம்பர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், அதில் என்ன பெருமை. எல்லாவற்றிலும் பெயர் எழுதினேன். பெரியம்மா, கொண்டைக்காரி, சின்ன மாமியார், சம்பந்தி என்று ஒன்றுகூட விடவில்லை. டாக்டரம்மா அவசரத்தில் பார்க்காமல் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாளில் வர வேண்டிய முடிவு நான்கு நாளாகியும் வரவில்லை. பெயர்களைப் பார்த்த பரிசோதனைக் கூடத்து ஆட்கள், யாரோ ஒரு குடும்பத்தின் ரத்தம் தவறி வந்துவிட்டது என்று தனியாக எடுத்து வைத்துவிட்டார்களாம். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "எழுதப் படிக்கத் தெரியாம இருந்தீங்க, வீடு நிம்மதியா இருந்துச்சு" என்றாள். எனக்கும் பயம்தான், நான் எழுதினதால் பத்து உயிரும் போய்விடுமோ என்று கொட்டகைப் பக்கமே போகவில்லை.

அவை கோழிகள்தான் என்று பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து விளக்கிய டாக்டரம்மா, ஐந்தாம் நாள் வாசலிலிருந்தே தாளை நீட்டி, நீங்களே படியுங்கள் ஐயா என்றார். விரலை வைத்துப் படித்தேன். பெரியம்மா, கிருமி இல்லை. கொண்டைக்காரி, இல்லை. ஒன்பதுக்கும் இல்லை. சம்பந்திக்கும் இப்போது இல்லை, ஆனால் எப்போதோ சாதுவான ஒரு காய்ச்சல் வந்து போனதற்கு ரத்தத்தில் அடையாளம் உண்டு. அம்மா அழுதுகொண்டே வாத்தைத் திட்டினாள். "உடம்பு சரியில்லைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

இனி சம்பந்திக்குத் தனி வேலி, தனித் தண்ணீர்த் தொட்டி. நேற்று முழுக்க நான்தான் கம்பி கட்டினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி சோதனை உண்டு, இந்த முறை நம்பர் போதும் ஐயா என்று சொல்லிப் போனார் டாக்டரம்மா. அவர் தலை மறைந்ததும் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க பேரையே எழுதுங்க. நம்பரைப் பார்த்தா கோழின்னு நினைப்பாங்க. பேரைப் பார்த்தா யார் வீட்டுப் பிள்ளையோன்னு கொஞ்சம் கவனமாப் பார்ப்பாங்க" என்றாள். நம்பரும் போட்டுப் பெயரும் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நீ நன்றாக இரு, குழந்தைக்குக் குறை ஒன்றும் வராமல் இருக்கட்டும். முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடு. பதிலுக்குப் போன் செய்துவிடாதே, எழுது, படிக்க வீட்டில் ஆள் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் உனக்காக ஒரு தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா