மையவாடி அத்தியாயம்

விருத்தாசலம்
12.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் நலத்துக்குத் தினமும் துஆ செய்கிறேன். போனில் ஜுலைகா பேச்சை எடுத்தாலே இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம். அதனால்தான் காகிதம். நம் மகளைப் பற்றி நான் எழுதிய புத்தகத்தை, அங்கே வேலைக்கு வரும் உங்கள் தம்பி ரியாஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

டெங்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி, நான்காம் நாள் எல்லாம் நான் கண்ணால் பார்த்தது, அப்படியே எழுதியிருக்கிறேன். பார்க்காததைக் கதையாக எழுதினேன். இரண்டிலும் அடங்காதது கவிதையாக வந்தது. பதிப்பகத்தில், "நாவலா, சொந்த அனுபவமா, ஏதாவது ஒண்ணா மாத்திக் குடுங்க" என்கிறார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். இவள் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனாலும் நீங்கள் சம்மதிக்காமல் அச்சுக்குத் தரமாட்டேன்.

உங்கள்
முபீனா


ஷார்ஜா
30.1.2025

முபீனாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ரூமில் எட்டுப் பேர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன்.

பள்ளிப் பையில் ஒரு பென்சில்.
சீவினால் குறையும்.
சீவாமல் வைத்திருக்கிறேன்.

இதற்குமேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை.

ஆனால் மையவாடி அத்தியாயத்தை எடுத்துவிடு. ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கி நான் ஓடி வருகிறேனாம், பிள்ளையை மையவாடியில் அடக்கம் செய்ய. என் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. நான் வரவில்லை, அது ஊருக்கே தெரியும். கேலி செய்ய வேறு ஆள் கிடைக்கவில்லையா உனக்கு? அது இருந்தால் புத்தகமே வேண்டாம்.

ஷபியுல்லா


விருத்தாசலம்
9.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் காகிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. நீங்கள் வர முடியாமல் போனதைப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேனே, கண்ணில் படவில்லையா?

நானும்தான் போகவில்லை. நம் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வாசற்படியில் நின்றுவிட்டேன். பெற்றவர்கள் இரண்டு பேருமே பார்க்காத அடக்கம் அது. அடக்கத்துக்குப் போன ரியாஸை, அங்கே புறப்படுவதற்கு முன்பே கேட்டேன். "அத மட்டும் கேக்காதீங்க அண்ணி" என்று எழுந்து போய்விட்டார். வேறு யாரோ அவளைக் கொண்டுபோனதாக எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் உங்களை வரவழைத்தேன்.

செராமிக் கம்பெனியில் என் வேலை உங்களுக்குத் தெரியும். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு தெரியும். அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைப்பேன். புத்தகத்தில் அந்தக் கோட்டை நான் துடைக்கவில்லை. நடந்தது எது, நான் சேர்த்தது எது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

அத்தியாயத்தை எடுக்கமாட்டேன். நீங்கள் வேண்டாம் என்றால் புத்தகம் பீரோவிலேயே கிடக்கட்டும். வெட்டிக் கொடுக்க மட்டும் என்னால் ஆகாது.

உங்கள்
முபீனா


ஷார்ஜா
2.3.2025

அன்புள்ள முபீனா,

வஅலைக்குமுஸ்ஸலாம். நேற்று முதல் நோன்பு. அந்த அத்தியாயத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். அதில் ஒரு தப்பு இருக்கிறது.

குழி ஓரத்தில் நான் நின்று பார்ப்பதாக எழுதியிருக்கிறாய். நீ அங்கே போனதில்லை, உனக்குத் தெரிய வழியில்லை. தகப்பன் மேலே நிற்கமாட்டான். உள்ளே இறங்குவான். மேலிருந்து பிள்ளையைக் கொடுப்பார்கள், இரண்டு கையாலும் வாங்குவான். மக்கா இருக்கும் கிப்லா பக்கம் முகம் இருக்கும்படி படுக்கவைத்து, கபன் துணியின் முடிச்சை அவிழ்ப்பான். அப்புறம் மேலே ஏறி மூன்று பிடி மண் போடுவான்.

ரியாஸிடம் கேட்டேன். "நான்தாண்ணே எறங்கினேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான், என் தோளில் சாய்ந்து அழுதான். அன்றைக்கு இறங்கியது அவன் என்பதை நடந்ததோடு சேர்த்து எழுது.

கதையில் நான் இறங்குகிறேன். அந்தப் பக்கத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை நிறைய இருக்கும், திருத்திக்கொள். கோட்டை மட்டும் துடைக்காதே. அச்சுக்குக் கொடு.

உன்
ஷபியுல்லா