பதில் வணக்கம் சொல்லாத நூலகம்

13 மார்ச் 1961, திங்கள்
இன்றும் நூலகத்துக்கு ஓர் ஆடு மட்டும்தான் வந்தது. அகராதியின் முனையைக் கடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது.
முன்பெல்லாம் மாதம் ஒருமுறை வேனில் புத்தகப் பெட்டி வரும். கானா சுதந்திரம் வாங்கிய பிறகுதான் எங்கள் ஊருக்கென்று கட்டடம் கிடைத்தது. முதல் வாரம் உட்கார இடமில்லை. இப்போது என்ன ஆயிற்று? இப்படியே போனால் மாதக் கடைசியில் லாரி அனுப்பிப் புத்தகங்களை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்களாம், தலைநகர் அக்ராவிலிருந்து சொல்லிவிட்டார்கள். காலி அலமாரிக்குக் காவலிருக்கவா இந்த வயதில் நூலகர் ஆனேன்? விடமாட்டேன்.

14 மார்ச்
ரொட்டி விற்கும் அஃப்ரியேயின் வாயில் எதுவும் தங்காது. அதனால் காரணம் தெரிந்துகொள்ள, பசியில்லாமலே ரொட்டி வாங்கினேன்.
ஊர்த்தலைவரின் சொல்லைச் சபையில் எடுத்துச் சொல்பவர் போவாடு ஐயா. முதல் வாரம் நான் பார்க்காத நேரத்தில் அவர் நூலகத்துக்குள் வந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லியிருக்கிறார். ஒருவரும் வாய் திறக்காமல் சுவரைக் காட்டினார்களாம். சுவரில் நான் மாட்டிய பலகை: ‘பேசக் கூடாது’.
“மனுஷன் வணக்கம் சொன்னா பதில் வராத வீட்டுக்கு யாரு வருவா அக்கா?” என்றாள்.
பயிற்சியில் சொன்னதை அப்படியே மாட்டினேன். நானும் இந்த ஊர்க்காரிதானே? பதில் வணக்கம் சொல்லாததற்கு அம்மாவிடம் அடி வாங்கியவள்தானே? மண்டையில என்ன இருந்துச்சு எனக்கு?

15 மார்ச்
பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தது.

19 மார்ச், ஞாயிறு
மதுப்புட்டியோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். போவாடு ஐயா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். முறை முறைதான், பெரியவரிடம் நேராகப் பேசக் கூடாது — நான் சொன்னதை அவர் மருமகன் வாங்கி அவரிடம் சொன்னான். முன்னோருக்கென்று மதுவைக் கொஞ்சம் மண்ணில் ஊற்றிவிட்டு, மருமகனைத் தாண்டி நேராக என்னிடமே கேட்டார்:
“ஏம்மா, மெதுவா ஒரு பதில் சொன்னா எழுத்து ஓடியா போயிரும்?”
“போகாது ஐயா.”

21 மார்ச்
ஐயா வந்தார். அவருக்குப் பின்னால் பாதிச் சந்தையும் வந்தது. வணக்கம் சொல்லி முடிக்கவே காலைப்பொழுது போயிற்று. ஒரு வரி படித்தார்களா, தெரியவில்லை.

29 மார்ச், புதன்
லாரி வந்துவிட்டது. ஆனால் வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்த பிறகுதானே வந்த காரியம் கேட்போம்? அறை முழுக்க ஆட்கள் கையில் புத்தகத்தோடு பார்த்திருக்க, போவாடு ஐயாவே கேட்டார்.
புத்தகங்களை ஏற்றிவரச் சொன்னார்கள் என்றார் ஓட்டுநர், குவளையைப் பார்த்தபடி.
அஃப்ரியே கோழி வளர்ப்புப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.
“தாராளமா ஏத்துங்க தம்பி,” என்றார் ஐயா. “ஒவ்வொருத்தர் கையிலயும் நீங்களே கேட்டு வாங்கிக்கங்க.”
ஓட்டுநர் அந்தத் தண்ணீரை வெகுநேரம் குடித்தார். பிறகு என்னிடம் வந்து, லாரி எஞ்சினைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். இருந்தது. அடுத்த மாதம் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி, காலி லாரியோடு அனுப்பினேன்.